2147483647 (எண்)

2147483647 ஒரு பத்திலக்க முழு எண். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்று படிக்கப்படும். 2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் (2³¹ − 1) இது கிடைக்கும். இது ஒரு பகா எண். இவ்வாறு 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைக்கும் பகா எண்களான மெர்சென் பகா எண்களின் வரிசையில் எட்டாவது.

வரலாறு

இத்தாலியக் கணிதவியலாளர் பியத்ரோ கத்தால்தி 1588-இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 ஆகியவை பகா எண்கள் என நிறுவினார். 2³¹ − 1-உம் அப்படியே என்றார், ஆனால் நிறுவவில்லை. பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1644-இல் வெளியிட்ட அடுக்குகளின் பட்டியலிலும் 31 இடம்பெற்றது. அதே பட்டியலிலிருந்த 67, 257 ஆகிய அடுக்குகள் பகு எண்களையே தருகின்றன என்பது பிற்காலத்தில் தெளிவானது. ஆகவே பட்டியலில் இருப்பதே சான்றாகிவிடாது.

31-க்கான நிறுவல் லியோனார்டு ஆய்லருடையது. பார்வையை ஏறத்தாழ முழுவதும் இழந்த நிலையில், புனித பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து 1772-இல் கணிதவியலாளர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தெரிவித்தார். இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகவே இருக்க வேண்டும். இவ்வெண்ணின் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டுகிறது. அந்த எல்லைக்குள், 1, 63 ஆகிய இரண்டும் நீங்கலாக, இவ்விதிக்குப் பொருந்துபவை 372 எண்கள் மட்டுமே. அவற்றுள்ளும் பகா எண்களைச் சோதித்தால் போதும். எதுவும் மீதியின்றி வகுக்காததால் இது பகா எண் என்பது உறுதியாயிற்று. பல பத்தாண்டுகளுக்கு, அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணாக இது விளங்கியது.

வகைப்பாடு

தன்னை நீக்கிய மற்ற வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் நிறைவெண் எனப்படும். 2147483647-ஐ 2³⁰-ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண்ணான 2305843008139952128 கிடைக்கிறது. இதைவிடப் பெரிய நிறைவெண் கண்டறியப்படாது, பயனற்ற ஒன்றை யாரும் தேட முற்படமாட்டார்கள் என்று ஆங்கிலேயரான பீட்டர் பார்லோ 1811-இல் எழுதினார். ஆனால் 1876-இல் எடுவார்ட் லூக்கா 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என நிறுவி, அதனினும் மிகப் பெரிய நிறைவெண்ணுக்கு வழி திறந்தார்.

அடுக்கான 31-உம் ஒரு மெர்சென் பகா எண்ணே (2⁵ − 1). அதனால் 2147483647 இரட்டை மெர்சென் பகா எண்ணும் ஆகிறது. இவ்வகையில் இதுவரை அறியப்பட்டவை நான்கே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1.

கணினியில்

குறியுடன் கூடிய 32 பிட் முழு எண்ணில் சேமிக்கக்கூடிய உச்ச மதிப்பு இதுவே. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் யுனிக்ஸ் கடிகாரம், 32 பிட் அமைப்புகளில், 2038 ஜனவரி 19 அன்று உலகப் பொது நேரம் 03:14:07-க்கு இந்த எல்லையைத் தொடும். அடுத்த நொடியில் மதிப்பு எதிர்மமாக மாறி, தேதி 1901 டிசம்பர் 13-க்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாறுவதே இதற்குத் தீர்வு.

இந்த எல்லை 2³¹ − 1 என்ற வடிவத்தால் மட்டுமே அமைவது. எண் பகா எண்ணாக இருக்க வேண்டியதில்லை. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் பரிந்துரைத்த சமவாய்ப்பு எண் ஆக்கிக்கோ பகாத்தன்மையே அடிப்படை. அதில் ஒவ்வொரு எண்ணையும் 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்த மீதியே அடுத்த எண். வகுக்கும் எண் பகா எண்ணாகவும், 16807 அதற்கு ஏற்ற பெருக்கியாகவும் இருப்பதால், 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒருமுறை வந்த பின்னரே வரிசை மீளத் தொடங்கும். பார்லோ பயனற்றதெனக் கருதிய தேடலில் ஆய்லர் நிறுவிய பண்பே இந்த ஆக்கியை இயங்கச் செய்கிறது.