ஆனைமங்கலக் கொடையும் மெட்டாகோவனின் ஏலமும்: டிஜிட்டல் கலையின் விலை பற்றி ஒரு மறுவாசிப்பு

2021 மார்ச் 11இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் ‘பீப்பில்’ என்கிற மைக் விங்கல்மனின் படத்தொகுப்பு 6.93 கோடி டாலருக்கு விலைபோனது. 100 டாலரில் தொடங்கிய ஏலம் அது. வாங்கிய தமிழர் விக்னேஷ் சுந்தரேசன் அப்போது புனைந்திருந்த பெயர் ‘மெட்டாகோவன்’. விலைக்கு அவர் சொன்ன காரணத்தைப் பலரும் எடுத்தாள்கின்றனர். அதனுடன் இக்கட்டுரை உடன்படவில்லை.

உத்தியை நகலெடுக்கலாம், திறமையை விஞ்சலாம், செலவிட்ட காலத்தை மட்டும் போலிசெய்ய முடியாது என்பது அவர் வாதம். 2007 மே 1 முதல் 2021 ஜனவரி 7 வரை நாளுக்கொன்றாக 5,000 படங்கள். ஆகவே அது பதின்மூன்றரை ஆண்டுக் காலத்தின் விலையாம். கீழ்வேளூர் வாசல்களில் அதைவிட நீண்ட காலம் நாள்தோறும் கோலமிட்ட கைகள் உண்டு. அந்தக் காலத்துக்கு எந்தச் சந்தையும் விலை வைத்ததில்லை. இன்னொரு சான்று அவர் வாதத்தை மேலும் தளர்த்துகிறது. பீப்பிலின் 10 நொடிக் காணொளி ஒன்று 2020 அக்டோபரில் 66,666 டாலருக்கு விற்றது. 2021 பிப்ரவரியில் அதுவே 66 லட்சம் டாலருக்குக் கைமாறியது. நான்கு மாதத்தில் நூறு மடங்கு ஏறியது உழைப்பு அல்ல.

ஏறியது எது? கீழ்வேளூர் வட்டத்து ஆனைமங்கலத்தை நாகப்பட்டினத்துச் சூளாமணி பௌத்த விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக்கிய (பள்ளிக்கான நிலக்கொடையாக்கிய) பெரிய லெய்டன் செப்பேடு ஒரு தடம் காட்டுகிறது. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டு ஆணை அதன் தமிழ்ப் பகுதியில் உள்ளது. விகாரத்தை எடுப்பிப்பவன் கடாரத்தரையன் சூளாமணிவர்மன் என்கிறது அப்பகுதி. வடமொழிப் பகுதியோ, மகன் மாறவிசயோத்துங்கவர்மன் தந்தை பெயரால் எடுப்பித்தான் என்கிறது. தந்தை தொடங்க மகன் முடித்தான் என்று கொள்வது வழக்கம். அது பொருத்தமே. ஆயினும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆணைக்கும், இராசராசன் மகன் இராசேந்திரன் பின்னர் வெட்டுவித்த ஏட்டுக்கும் இடையே எடுப்பித்தவன் மாறினான். விகாரத்தின் பெயர் மாறவில்லை. கடல்கடந்த கடாரத்து அரசன் நாடியது கட்டடம் மட்டுமன்று, சோழ அரசும் நாட்டாரும் சான்று நிற்கும் பதிவில் தன் குலத்தின் பெயரும்கூட என்று இதனால் ஊகிக்கிறேன்.

டிஜிட்டல் படத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஏலத்தில் விற்ற என்.எஃப்.டி. என்னும் டிஜிட்டல் சான்று தருவது உடையவர் இன்னார் என்று பலரும் சரிபார்க்கக்கூடிய பதிவு. ஏலத் தொகையான 42,329 ஈதர் மின்னாணயம் அந்தப் பதிவில் இடம்பெறவே கொடுக்கப்பட்டது என்பேன். வாங்கியவரே சில நாளில் தன்னை வெளிப்படுத்தி, இந்தியரும் வெள்ளையரல்லாதோரும் கலைப் புரவலராகலாம் என்று காட்டவே வாங்கியதாக எழுதினார். காலம் பற்றிய அவரது வாதத்தைவிட இந்தக் கூற்றே விலையை நன்கு விளக்குகிறது.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. ஆனைமங்கலம் ஆண்டுக்கு 8,943 கலத்துக்கு மேல் நெல் அளந்தது, என்.எஃப்.டி. பதிப்புரிமைகூடத் தரவில்லை. விளைச்சல் ஏதுமற்ற பொருளுக்கு இத்தொகை என்பது என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. ஆனால் சுந்தரேசனின் நிதியம் 2020 டிசம்பரிலேயே பீப்பிலின் 20 படைப்புகளை 22 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. அவற்றின் மதிப்பை உயர்த்தும் நோக்கமும் ஏலத்தில் கலந்திருக்கக்கூடும். புரவலரின் கொடை எது, வணிகரின் கணக்கு எது என்று அந்த ஒற்றைத் தொகையிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. செப்பேட்டிலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. ஆணையின் காலம் 1005–06. அதை இராசேந்திரன் தந்தைக்குப் பின் செம்பில் வெட்டுவித்த ஆண்டு ஏட்டில் இல்லை.