கீழைக்கரைப் புள்ளினங்களும் அவற்றைக் கணித்த வரலாறும்

சம்மாந்துறை இன்று நெல்வயல் சூழ்ந்த ஊர். எனினும், அதன் பெயரில் ஒரு துறை நிற்கின்றது. சம்பான் என்னும் தோணிகள் வந்தடைந்த இடமாதலின் சம்பான்துறை என வழங்கி, நாளடைவிற் சம்மாந்துறை ஆயிற்று என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. வடக்கே ஏறாவூர் தொட்டுத் தெற்கே கல்முனைப் பகுதி வரை நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியை நோக்குவார்க்கு இச்செய்தி வியப்பளிக்காது. ஈண்டு நெய்தலும் மருதமும் தனித்தனி நிலங்கள் அல்ல. ஒன்றன் நீர் மற்றதன் நீரோடு கலந்தே நிற்கும்.

இக்கலப்பிற்கு வாயில் முகத்துவாரமாகும். இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. ஒரு மீற்றரையும் எட்டாதது. ஆதலின் களப்பினுள் உப்புநீர் எவ்வளவு புகும், எத்துணைக் காலம் நிற்கும் என்பன பெரும்பாலும் முகத்துவாரத்து மணற்றடை திறந்திருத்தலையும் மூடியிருத்தலையுமே பொறுத்தன. மாரிக்காலத்திற் களப்புப் பெருகி வயல்களை மூழ்கடிக்க முற்படுங்கால், அம்மணற்றடையை வெட்டி நீரைக் கடலுக்கு விடுதல் இக்கரையில் நெடுநாளைய வழக்கம். வெட்டிய பின்னர் நீர் இறங்கச் சேற்றுத்தரை வெளிப்படும். அச்சேற்றிலே உள்ளானும் உப்புக்கொத்தியும் இரை தேரும். உழவன் நெல்லைக் காக்கச் செய்யும் வினை, பறவையின் உணவையும் கூட்டினைச் சூழ்ந்த நீரையும் மாற்றிவிடுகின்றது. இவ்வாறு மாறும் நிலத்திற் பறவைகள் பெருகினவா, குறைந்தனவா என்பதை எங்ஙனம் அறிவது? இவ்வினாவுக்கு விடைதேடிய வரலாற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இலங்கைப் பறவைகளை முறையாக எழுதிவைத்தோருள் முதன்மையானவர் வில்லியம் வின்சென்ற் லெக் என்பார். தஸ்மேனியாவிற் பிறந்த இவர், பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரியாக 1868ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார், திருகோணமலையிலும் பணிபுரிந்தார். இவரது 'இலங்கைப் பறவைகளின் வரலாறு' என்னும் பெருநூல் 1878 தொடக்கம் 1880 வரை இலண்டனிற் பகுதி பகுதியாக வெளிவந்தது. அக்காலத்து ஆய்வு துப்பாக்கியை நம்பியது. பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலைப் பதப்படுத்தி, இனத்தை வரையறுத்தனர். 'எவ்வினம் உண்டு?' என்பதே அன்றைய வினா, 'எத்தனை உண்டு?' என்னும் வினா பின்னரே எழுந்தது.

1937ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு, இன்றைய அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள குமண, பறவைச் சரணாலயமாயிற்று. 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றி, உறுப்பினர் கண்டவற்றைத் தன் குறிப்பேட்டில் வெளியிடலாயிற்று. 1955இல் ஜீ. எம். ஹென்றியின் கைந்நூல் வெளிவந்தது. 1987இல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புத் தொடங்கப்பெற்றது. ஆண்டுதோறும் சனவரித் திங்களிற் பல நாடுகளின் நீர்நிலைகளில் ஒரே காலத்திற் பறவைகள் எண்ணப்படலாயின. சுடுவதினின்று காப்பதற்கும், காப்பதினின்று எண்ணுவதற்கும் வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆயினும் சனவரிக் கணக்கு ஒன்றே போதுமா? போதாது என்பதைக் குமண காட்டும். உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்திற்கு நடந்து செல்லும் அடியார் இந்நிலத்தை நன்கறிவர். அங்குள்ள குமண வில்லு ஏறத்தாழ 200 எக்டயர் பரப்புடைய சதுப்பேரி. கும்புக்கன் ஓயாவினின்று குறுகியதொரு கால்வாய்வழி நீர் பெறுவது. சிற்சில வேளைகளிற் கடல்நீரும் புகுவது. அதன் கண்டல் மரங்களிற் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலியன கூடுகட்டுகின்றன. கூடுகட்டும் பருவம் மே, யூன் மாதங்களை ஒட்டியது. சனவரியில் எண்ணப்படுவனவற்றுட் பெரும்பகுதி வடபுலத்திலிருந்து வந்த விருந்தினர். மேயிற் கூட்டில் இருப்பன இந்நாட்டுக் குடிகள். முன்னதன் கணக்கைக் கொண்டு பின்னதன் நலத்தை உரைத்தல் ஒல்லாது. மேலும், மரத்தடியில் நீர் நிற்குமளவுமே தரைவிலங்குகள் கூட்டை எளிதில் அணுகமாட்டா. நீர் வற்றின், தாய்ப்பறவைகள் நூற்றுக்கணக்கில் இருந்தும் ஒரு குஞ்சும் பறவாதொழியக் கூடும்.

இனி, நம் காலத்து நேர்ந்த இடரை நோக்குவோம். உள்நாட்டுப் போரின் காரணமாகக் குமண 1985 முதல் 2003 மார்ச்சு வரை மூடப்பட்டிருந்தது. திறந்து 21 மாதங்களே கழிந்த நிலையில், 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. கல்முனைக் கரையோர ஊர்களின் துயரத்தை அறியாதார் இலர். குமணையும் அவ்வலைக்குத் தப்பவில்லை. அத்துயரினிடையே பறவையைப் பற்றி வினாவுதல் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் கரையை மீட்கும் பணி தொடங்கியபோது அவ்வினா தவிர்க்க முடியாததாயிற்று: மீட்டல் என்பது எந்நிலைக்கு மீட்டல்? பதினெட்டு ஆண்டு மூடிக்கிடந்த இடத்தின் முன்னைய நிலையைத் தொடர்ச்சியான கூட்டுக் கணக்கின்றி எவர் துணிந்து கூறவல்லார்? எண்ணாது விட்ட பருவத்தைப் பின்னர் எவராலும் எண்ண முடியாது.

பேரலையின் பின் கரையெங்கும் கண்டற்கன்றுகள் நடப்பட்டன. 2017இல் வெளிவந்த ஆய்வொன்று இலங்கையின் 23 நடுகை இடங்களைச் சோதித்தது. நடுகை செய்த 1,000 முதல் 1,200 வரையான எக்டயரில், 200 முதல் 220 வரையான எக்டயரிலேயே கன்றுகள் பிழைத்திருந்தன; ஒன்பது இடங்களில் ஒன்றேனும் எஞ்சவில்லை. பொருந்தா இடத்தில் நட்டதும், நட்டபின் பேணாமையும் இதற்குக் காரணங்களாயின. நட்ட கன்றின் தொகை வெற்றியன்று. நிலைத்த மரமே வெற்றி. அங்ஙனமே கூட்டின் தொகையும் வெற்றியன்று. பறந்த குஞ்சே வெற்றி.

மீட்பு நன்கு நடந்தாலும் கணக்கு வேண்டும் என்பதற்கு அமெரிக்க நாட்டுச் சான்றொன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்பாகத்தில் ஏறத்தாழ 15,000 ஏக்கர் உப்பளங்களை 2003இல் அரசு பெற்று, வரம்புகளை உடைத்துக் கடல்நீரை மீண்டும் உட்புகவிடத் தொடங்கியது. சதுப்புப் புல்லை நாடும் பறவைக்கு அஃது ஆக்கம். வறண்ட உப்புத்தரையில் முட்டையிடும் உப்புக்கொத்திக்கோ அஃது இழப்பு. ஆதலின் எத்தனை பாத்திகளைத் திறப்பது, எவற்றை வறட்டிவைப்பது என்பதனை ஆண்டுதோறும் எடுக்கும் கூட்டுக் கணக்கை நோக்கியே ஆராய்கின்றனர்.

கூட்டுக் கணக்கிலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. அதனை 1961இல் ஹரல்ட் மேபீல்ட் என்பார் எடுத்துக்காட்டினார். நாம் காணுமுன்னரே அழிந்த கூடுகள் நம் கணக்கில் ஏறுவதில்லை. ஆகவே நம் கணக்கு எப்போதும் வெற்றியை மிகைப்படுத்தும். ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். 20 கூடுகளைக் கூடொன்றுக்குப் பத்து நாளாக மொத்தம் 200 கூட்டுநாள் நோக்கினோம். பத்துக் கூடுகள் அழிந்தன. பாதி பிழைத்தது என்போம். ஆனால் நாளொன்றுக்கு அழிவு நூற்றுக்கு ஐந்து. அடைகாக்கும் காலம் 24 நாளெனின், முழுக்காலமும் பிழைப்பன நூற்றுக்கு 29 அளவினவே. இத்திருத்தத்திற்கு வேண்டிய கருவி, நாள்தோறும் எழுதிய குறிப்பேடு ஒன்றே.

அக்குறிப்பேடு நம் மாணவர்க்கு எட்டாததன்று. ஒரே களப்புக்கரை, ஒரே இடம், வாரத்திற்கு ஒரே நாள். நாள், நேரம், நீர்மட்டம், முகத்துவாரம் திறந்ததா மூடியதா, பறவையின் இனம், தொகை, கூடு, குஞ்சு — இவ்வளவே எழுதவேண்டுவன. கூட்டினை நெருங்காது தொலைவினின்று நோக்கல் வேண்டும். நெருங்கின் தாய் எழும்பும், காகம் முட்டையைக் கவரும். வேளாண்மைக்காக மணற்றடையை எந்நாளில் வெட்டினர் என்பதை வயற்காரரிடமும் மீனவரிடமும் கேட்டெழுதினால், ஆய்வாளர் பலர்க்குக் கிட்டாத செய்தி நம் கைக்கு வந்துசேரும். பத்தாண்டு தொடர்ந்தெழுதிய ஏடு ஒன்று சம்மாந்துறையிலோ கல்முனையிலோ இருக்குமாயின், அடுத்த பேரிடரின் பின் இக்கரையை மீட்க வருவோர் 'முன்னர் எப்படி இருந்தது?' என வினாவுங்கால், விடை நம்மிடம் இருக்கும்.