புதுச்சேரிக்கு இரண்டு விடுதலை நாள்கள் ஏன்?

மதகடிப்பட்டு சந்தைக்கு வரும் பெரியவர்களிடம் "புதுச்சேரி எப்போது சுதந்திரம் பெற்றது?" என்று கேட்டால் சிலர் நவம்பர் 1 என்பார்கள், சிலர் ஆகஸ்ட் 16 என்பார்கள். இரண்டுமே சரிதான்! ஓர் உடன்படிக்கை கையெழுத்தாவதற்கும் அது செல்லுபடியாவதற்கும் உள்ள வேறுபாடுதான் இதற்குக் காரணம்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். அக்டோபர் 21-இல் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் இது நடைமுறை மாற்றம் மட்டுமே. சட்டப்படி மண் இன்னும் பிரான்சுக்கே சொந்தம்.

1956 மே 28 அன்று நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோக்கும் முழு உரிமையையும் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதோடு வேலை முடிந்துவிட்டதா? இல்லை. பிரெஞ்சு அரசியல் சட்டப்படி, நிலப்பகுதியை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கைக்கு அந்நாட்டு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அப்போது அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் மற்றதையும் கேட்பார்கள் என்ற அச்சம் பாரிசில் இருந்தது. அல்ஜீரியா 1962 ஜூலையில் விடுதலை பெற்றது. அதே மாதம் பிரெஞ்சு நாடாளுமன்றமும் ஒப்புதல் தந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இரு நாடுகளும் ஏற்புப் பத்திரங்களைப் பரிமாறிக்கொண்டன. உடன்படிக்கை உயிர் பெற்றது அன்றுதான்.

இந்தியாவில் முறை வேறு. இங்கே உடன்படிக்கையை ஏற்பது மத்திய அரசின் அதிகாரம். ஆனால் புதிய பகுதியை அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கச் சட்டத் திருத்தம் தேவை. அதற்காகவே 1962-இல் 14-ஆவது திருத்தம் வந்தது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஆனது. சட்டப்பேரவை அமைய 1963-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது.

இந்த எட்டு ஆண்டுகள் வெறும் காகித வேலை அல்ல. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் இந்தியர் ஆகிவிடுவார். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆவதற்கும் இது இடம் தந்தது. பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்கள் இன்றும் புதுச்சேரியில் இருக்கின்றன.

கீழூரில் எண்ணப்பட்ட வாக்குகள் மக்களின் விருப்பத்தைச் சொன்னன. அந்த விருப்பம் சட்டமாக, எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இனி யாராவது எந்த நாள் சரி என்று கேட்டால், நவம்பர் 1 ஆட்சி கைமாறிய நாள், ஆகஸ்ட் 16 உரிமை கைமாறிய நாள் என்று சொல்லுங்கள்.