தூக்கணாங்குருவி: கூட்டால் வந்த பெயர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஏரிக்கரைகளில் பனையும் ஈச்சமும் தேடிக் கூடு கட்டும் தூக்கணாங்குருவியின் பெயர், சங்கப் பாட்டிலேயே பதிவானது. குறுந்தொகை 374 அதைத் 'தூங்கணங்குரீஇ' என்கிறது. நெடும்பனையில் அது பின்னிய கூட்டைவிடவும் குழம்பிக் கிடந்தது இந்த ஊர் என்கிறாள் தோழி. புறநானூறு 225இல் ஆலத்தூர் கிழார், ஒருபுறம் மாட்டி வைத்த வலம்புரிச் சங்குக்கு அதே கூட்டை உவமையாக்குகிறார். அங்கே பெயர் 'தூக்கணங்குரீஇ'.

இரண்டும் ஒரே வேர். தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல். இன்று உறக்கமே அதன் பொருளாக முந்திக்கொண்டது. நீங்கு, நீக்கு ஆவதுபோல் தூங்கு, தூக்கு ஆகும். அதனுடன் 'அணம்' விகுதி சேரத் தூக்கணம், அதாவது தொங்கவிட்டது. கட்டணம் என்ற சொல்லும் இவ்வாறே அமைந்தது. குரீஇ குருவியாகி, பேச்சில் ணகரம் நீண்டு தூக்கணாங்குருவி ஆயிற்று. தொழிற்பேட்டைக்குச் சோறு சுமந்த தூக்குவாளியும் இந்தச் சொற்குடும்பமே.

லின்னேயஸ் 1766இல் இட்ட அறிவியல் பெயரில் 'பிலிப்பினஸ்' என்று வருகிறது. பிலிப்பைன்ஸ் இந்தப் பறவையின் நாடே அல்ல. ஊரைத் தவறாகக் குறித்த முந்தைய பதிவால் வந்த வினை. தமிழ் வழக்கோ கூட்டைப் பார்த்துப் பெயர் வைத்தது. அதனால்தான் பிழையில்லை.

மழைப் பருவத்தில் தலை மஞ்சளாகும் ஆண், நெல் இலையின் ஓரத்தை அலகால் கடித்து, பிடியை விடாமல் பறந்து, நீள நாராகக் கிழித்தெடுக்கும். பாதிக் கூட்டைப் பின்னி, உள்ளே ஈரமண்ணை அப்பி, சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து பார்த்து ஏற்ற பிறகே முட்டையறையும் கீழ்நோக்கிய குழாய் வாசலும் முழுமை பெறும். உடனே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். பறவையியலாளர் சாலிம் அலி 1930இல் மும்பைக்கு அருகே கிகிமில் இதையெல்லாம் உற்றுக் கவனித்து, மறு ஆண்டு எழுதி வெளியிட்டார். கூட்டுக்குள் அப்பிய ஈரமண்ணில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்பது நம் ஊர்க் கதை.

இந்தக் குருவி கூடு கட்டத் தேடும் பனையை ஆட்சியர் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. வயல் மனையானாலும் அதில் நிற்கும் பனையை விட்டுவையுங்கள். கூடு தொங்கும் ஓலையைக் குஞ்சுகள் பறக்கும்வரை கழிக்காதீர்கள். ஏரிக்கரையில் ஆளுக்கொரு பனங்கொட்டை ஊன்றுங்கள்.