அரிவாள் அணுவும் குடிவரவு வரலாறும்

தமிழர் தொன்மை குறித்த கருத்தரங்குகளில் மரபணுச் சான்றுகள் இப்போது மிகுதியாக எடுத்தாளப்படுகின்றன. இரு மக்களிடத்தே ஒரே மரபணு காணப்படின் அவர்கள் ஒரு குடியினரே என்னும் முடிவும் எளிதில் எட்டப்படுகிறது. அம்முடிவு எத்துணைத் தளர்வானது என்பதை நீலகிரியோடு தொடர்புடைய பழைய விவாதம் ஒன்றன்வழி ஈண்டு நோக்குவோம்.

நீலகிரிப் பழங்குடியினர் சிலரின் குருதிச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைவதை லேமனும் கட்புஷும் 1952-இல் வெளியிட்டனர். சிகாகோ மருத்துவர் ஹெரிக் 1910-இல் விவரித்த இவ்வியல்பு, பெரும்பாலும் ஆப்பிரிக்க வழியினர்க்கே உரியதெனக் கருதப்பட்டு வந்த ஒன்று. ஆகவே கடல் கடந்த உறவை ஊகித்ததில் வியப்பில்லை. இலங்கை வேடரோடு சேர்த்து அன்று வகைப்படுத்தப்பட்ட தொல்குடியினரிடமிருந்து இம்மரபணு அரேபியா வழியே கிழக்காப்பிரிக்காவை அடைந்தது என லேமன் 1954-இல் எழுதினார்.

அதே ஆண்டில் அலிசன் கிழக்காப்பிரிக்க ஆய்வுகளைக்கொண்டு வேறு விளக்கம் தந்தார். பெற்றோர் இருவரிடமிருந்தும் இம்மரபணுவைப் பெறும் குழந்தை கடுஞ்சோகைக்கு ஆளாகும். மருத்துவ வசதியற்ற காலத்தில் அத்தகைய குழந்தைகள் பெரும்பாலும் இளமையிலேயே மாண்டன. ஒருவரிடமிருந்து மட்டும் பெறும் குழந்தையோ, உயிர்கொல்லும் பால்சிபேரம் மலேரியாவினின்று பிழைக்கும் வாய்ப்பு மிகுதியாக உடையது. மலேரியா மலிந்த நிலத்தில் இத்தகையோரே வளர்ந்து மக்களைப் பெறுதலின் மரபணுவின் விகிதம் தலைமுறைதோறும் உயரும். ஓரளவிற்குமேல் உயராதவாறு சோகை தடுக்கும். மலேரியா இல்லாவிடத்து அது மெல்லக் குறையும். தலசீமியா பற்றி இதையொத்த கருத்தை ஹால்டேன் முன்னரே கூறியிருந்தார். (அவர் 1957-இல் இந்தியாவில் குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.)

எனவே விகிதம் என்பது மூதாதையரை மட்டும் காட்டுவதன்று. வாழ்ந்த நிலத்தையும் காட்டுவது. வயநாடும் நீலகிரி அடிவாரமும் ஒருகாலத்தில் மலேரியாவுக்குப் பெயர்பெற்றிருந்தமை இங்கு நினைக்கத்தக்கது.

மரபணுவின் தோற்றம் பற்றிய வழக்கு இதனோடு முடிந்துவிடவில்லை. இம்மரபணுவை அடுத்துள்ள டி.என்.ஏ. அமைப்பை 1980-களில் ஒப்பிட்டவர்கள், அரபு-இந்திய வகை ஆப்பிரிக்க வகைகளினின்று வேறுபடுவதைக் கண்டு, இத்திரிபு பல இடங்களில் தனித்தனியே தோன்றியது என்றனர். 2018-இல் ஷ்ரைனரும் ரொட்டிமியும் விரிவான மரபணுத் தொடர்த் தரவுகளை ஆய்ந்து, ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன்னர் ஆப்பிரிக்காவில் ஒரேமுறை தோன்றியது என்றனர். பின்னது பொருந்துமாயின் தொடர்பு உண்டு. ஆனால் அதன் திசை லேமன் கூறியதற்கு நேர்மாறானது.

நம் நோக்கில் இதனினும் முதன்மையான செய்தி வேறு. அத்தொடர்பு பெருங்குடிவரவாக இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. வந்து கலந்தோர் மிகச் சிலராயினும், அவர்கள் கொணர்ந்த மரபணுவை மலேரியா பல தலைமுறைகளில் பெருக்கிவிடும். வந்தோர் எத்துணையர் என்பதை அறிய விழைவோர் இம்மரபணுவை விடுத்து, இயற்கைத் தேர்வுக்கு அவ்வளவாக உட்படாத பிற மரபணுப் பகுதிகளையே நாட வேண்டியுள்ளது.