பணிக்கர் பிடித்த யானையின் பாடு

வெல்லாவெளி வயலுக்குள் யானை இறங்கினால் இப்போது யானை வெடிதான். ஒரு காலத்தில் மட்டக்களப்பில் யானை என்றாலே ஏறாவூர்ப் பணிக்கர்மார்தான். தோல்கயிற்றுச் சுருக்கைப் பின்னங்காலில் மாட்டி, மரத்தோடு கட்டிவிடுவார்கள். அந்தத் துணிச்சலைப் பேசிப்பேசி நமக்கு அலுக்கவில்லை. கட்டுண்ட யானையின் பாட்டைத்தான் யாரும் பேசுவதில்லை.

முஸ்லிம் பணிக்கர்களின் திறமையை வியந்த எமர்சன் டெனன்ட், அதே 1859ஆம் ஆண்டு நூலில், கயிறு அறுத்த கால்புண் மாதக்கணக்கில் ஆறாததையும், பழக்கும்போதே பல யானைகள் செத்ததையும் எழுதிவைத்தார். பூனையைக் கட்டிப் பட்டினி போட்டவளின் ஹதீஸ் நமக்குத் தெரியாததா என்ன! 2021 ஆகஸ்டில்தான் வளர்ப்பு யானைக்குத் தினம் இரண்டரை மணித்தியாலக் குளிப்பு, நாலு மணித்தியாலத்துக்கு மேல் வேலையில்லை என்று வர்த்தமானி வந்தது.

பிடித்த யானைக்கு என்ன தீன், எத்தனை நாள் கட்டு, புண்ணுக்கு என்ன மருந்து? ஏறாவூர்ப் பெரியவர்களிடம் இதையும் கேட்டு எழுத வேணும்.