இருபது வருஷப் பரம்பரை

பேலியகொடையில பஸ் ஏறினா மருதானைப் பள்ளிவாசல் கனதூரமில்லை. 1905 டிசம்பர் 31 அன்று அங்கே முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். ஒரு தொப்பிக்காக!

சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் சிவப்புத் துருக்கித் தொப்பியோட உயர் நீதிமன்றம் போக, பிரதம நீதியரசர் லேயார்ட் தொப்பியையோ சப்பாத்தையோ கழற்றச் சொன்னார். வெள்ளைக்காரன் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுவான், எங்கட ஆக்கள் செருப்பைக் கழற்றுவினம், ரெண்டையும் கலக்கக்கூடாதாம். என்ன ஒரு கணக்கு! 1906 இல் தொப்பிக்கு அனுமதி கிடைத்தது.

சுவாரசியம் என்னெண்டா, அந்தத் தொப்பி இங்க பரவினதே 1883 இல் நாடுகடத்தப்பட்டு வந்த எகிப்தின் அராபி பாஷாவுக்குப் பிறகுதான். இருபது வருஷப் பழக்கம் 'பரம்பரை' ஆகிட்டுது. பெருவிலும் இப்படித்தான்: 1781 இல், ஒரு கிளர்ச்சியை அடக்கின கையோட, ஸ்பானியர் இன்கா உடையைத் தடைசெய்தார்கள். இன்றைக்கு அங்கத்தைய மலைப்பெண்களின் அடையாளமான விரிந்த பாவாடை ஸ்பெயினில இருந்து வந்தது.

துருக்கியோ, 1925 இல் அந்தத் தொப்பியையே தடைசெய்துவிட்டது.